ஒண்டாச்சி: ஒல்லாந்து எழுத்தில் ஒரு தஞ்சாவூர்ப் பெயர்

கேள்வி இது: "ரொறன்ரோவில் என்னோடு வேலை செய்யும் ஒருவரின் குடும்பப் பெயர் 'ஒன்டாட்ஜே'. தாங்கள் இலங்கைப் பறங்கியர், பெயர் டச்சுப் பெயர் என்கிறார். இணையத்தில் தேடினால் தமிழ்ப் பெயர் என்று வருகிறது. எது சரி? அந்த எழுத்தாளரைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் பெயர் இருப்பதாகத் தெரியவில்லையே, ஏன்?"

பெயர் தமிழ். எழுத்துக்கூட்டல் ஒல்லாந்தம், அதாவது டச்சு. பறங்கியர் என்றால் இலங்கையில் ஐரோப்பிய வழித்தோன்றல்கள். உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்கிறார். மீதிப் பாதி கொஞ்சம் நீளம்.

முதலில் உச்சரிப்பைத் திருத்திக்கொள்வோம், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஓ-என்-டி-ஏ-ஏ-டி-ஜே-ஈ (Ondaatje). இந்த எட்டு எழுத்தை ஆங்கிலம் படித்த கண்ணால் பார்த்தால் 'ஒன்டாட்ஜே' என்றுதான் வாய் போகும். ஒல்லாந்து எழுத்தில் டி-யும் ஜே-யும் (tj) பக்கத்தில் பக்கத்தில் வந்தால், அது ஏறக்குறைய நம்முடைய 'ச்ச' ஒலி. எனக்கு இது புத்தகத்தில் விளங்கியதல்ல. பல வருடங்களுக்கு முன் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கடைத்தட்டில், வினாகிரியில் ஊறிய கரட்டும் கோவாவும் (முட்டைக்கோசு) நிரம்பிய போத்தல் ஒன்றைப் பார்த்தேன். மேலே 'அட்ஜர்' என்று எழுதியிருப்பதாக வாசித்து, என்னவோ அந்நியப் பண்டம் என்று எடுத்துவந்தேன். மூடியைத் திறந்ததும்தான் விளங்கியது: அச்சாறு! ஏ-டி-ஜே-ஏ-ஆர் என்றால் 'அச்சார்'. கிழக்கிந்தியத் தீவுகளை ஆண்ட காலம் முழுக்க 'ச்ச' ஒலியை ஒல்லாந்தர் இப்படித்தான் எழுதினார்கள். சுமாத்திராவின் அச்சேயையும் டி-ஜே போட்டுத்தான் எழுதினார்கள். இந்தோனேசியா 1972இல் எழுத்துச் சீர்திருத்தம் செய்து அந்த டி-ஜேயைத் தூக்கிவிட்டு ஒற்றை 'சி'யை வைத்தது.

ஆகவே அந்த எட்டு எழுத்தை ஒல்லாந்தக் கண்ணால் வாசித்தால் கிடைப்பது 'ஒண்டாச்சி'. கொழும்பில் அந்தக் குடும்பத்தாரை அறிந்தவர்கள் சொல்வதும் அதுதான்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் போன ஒரு சொல் ஒவ்வொரு இலங்கைத் தமிழ் அடுப்படியிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 'பீன்ஸ்' என்பதை நாங்கள் போஞ்சி என்போம். சிங்களத்திலும் போஞ்சிதான். மூலம் ஒல்லாந்தம்: 'போன்' என்றால் அவரை. அதோடு டி-ஜே-ஈ சேர்த்தால் 'சின்ன அவரை'. அந்த மொழியில் எதையும் சின்னதாக்க, செல்லமாக்க இந்த வால்தான் ஒட்டும். அவர்களுடைய டி-ஜே-ஈ நம் வாயில் 'ஞ்சி' ஆனது, நம்முடைய 'ச்சி' அவர்கள் பேனாவில் டி-ஜே-ஈ ஆனது. சந்தையில் போஞ்சியும் தேவாலயப் பதிவில் ஒண்டாச்சியும் ஒரே பாலத்தில் எதிரெதிராக நடந்துபோன இரண்டு சொற்கள். இதனால் ஒரு வேடிக்கையும் நடந்தது. அந்த வால் ஒட்டியதும் தமிழ்ப் பெயர் அசல் ஒல்லாந்தப் பெயர் போலவே தோற்றம் காட்டியது. உங்கள் நண்பர் ஏமாந்தது போல ஒல்லாந்தரும் ஏமாந்திருப்பார்கள்.

சரி, ஒல்லாந்து எழுத்துக்குப் பின்னால் நின்ற தமிழ்ப் பெயர் என்ன? இங்கேதான் நம்மவர்கள் சிலர் அவசரப்பட்டு 'ஒன்று + ஆச்சி' என்றெல்லாம் பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வேண்டாம். ஐரோப்பிய எழுத்தில் 'என்-டி' என்று இருந்தால் அது 'ண்ட'வாகவும் இருக்கலாம், 'ந்த'வாகவும் இருக்கலாம். அதே கொழும்புச் சமூகத்தில் கந்தப்பா என்ற குடும்பப் பெயர் இருக்கிறது. அதிலும் அதே 'என்-டி'தான், ஆனால் ஒலி 'ந்த'. முதல் எழுத்து 'ஓ'வும் அப்படித்தான்: ஒ, ஓ, உ மூன்றையும் அந்த ஒரு வட்டத்துக்குள் அடைக்கலாம். ஒருமுறை ஐரோப்பிய எழுத்துக்குள் போன தமிழ்ப் பெயர் திரும்பி வரும்போது வழியில் நாலைந்து மாற்றுவழி பிரியும். 'ச்சி' என்ற முடிவு மட்டும் ஐயமில்லாமல் மிஞ்சுகிறது. தமிழில் இன்று ஒண்டாச்சி, ஒந்தாச்சி, ஒண்டாட்ஜி என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவது இதனால்தான். நான் ஒண்டாச்சி என்றே எழுதுகிறேன், பேச்சில் அதுதான் புழங்குகிறது.

இனி ஆள். ஒல்லாந்தர் 1656 மே மாதம் கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். 1658இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் அவர்கள் கைக்கு வந்தன. அடுத்த ஆண்டு, 1659இல், தஞ்சாவூரிலிருந்து ஒரு வைத்தியர் கொழும்புக்கு அழைக்கப்படுகிறார். அப்போது தேசாதிபதியாக இருந்தவர் அட்ரியான் வான் டெர் மைடன். அவருடைய மனைவிக்கு நோய், கூட இருந்த ஐரோப்பிய வைத்தியம் பலிக்கவில்லை, தஞ்சாவூர்க்காரர் வந்து குணப்படுத்தினார், கொழும்பிலேயே வைத்தியராக நியமனம் பெற்றுத் தங்கிவிட்டார் என்பது குடும்பக் குறிப்புகள் சொல்லும் கதை. ஞானஸ்நானப் பெயர் மைக்கேல் யூர்கன். 'யூர்கன்', 'யூரியான்' எல்லாம் ஜோர்ஜ் என்ற பெயரின் வடிவங்கள். இந்த யூரியான் பிறகு நூறு, நூற்றைம்பது வருடங்களுக்கு அந்தக் குடும்பத்தில் பேரன், கொள்ளுப்பேரன் என்று திரும்பத் திரும்ப வருகிறது. பாட்டன் பெயரைத் தரித்தவன்தானே பேரன். தமிழருக்கும் ஒல்லாந்தருக்கும் பொதுவாக இருந்த பழக்கங்களில் அது ஒன்று.

எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி 1982இல் வெளியிட்ட குடும்ப நினைவு நூலிலும் இந்தக் கதை வருகிறது. ஆனால் அங்கே வைத்தியர் 1600ஆம் ஆண்டிலேயே வந்துவிடுகிறார், குணமாவது தேசாதிபதியின் மகள். வைத்தியருக்குக் காணி, வெள்ளைக்கார மனைவி, ஒல்லாந்து எழுத்தில் ஒரு புதுப் பெயர் எல்லாம் பரிசாகக் கிடைக்கின்றன. கதையாக நல்ல கதை. ஆனால் முதல் ஒல்லாந்தத் தூதர் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கியதே 1602இல்தான். 1600இல் கொழும்பில் குணப்படுத்த ஒல்லாந்தத் தேசாதிபதியும் இல்லை, அவருக்கு மகளும் இல்லை. எந்தக் குடும்பமும் தன் கதையை ஐம்பது வருடம் பின்னுக்குத் தள்ளித்தான் சொல்லும், அதற்காக அவர்களோடு சண்டை பிடிக்க முடியாது. வைத்தியர், தேசாதிபதி வீடு, எழுத்து மாறிய பெயர் ஆகிய மூன்றும் இரண்டு பக்கத்திலும் ஒத்துப்போகின்றன. எனக்கு அது போதும்.

1659 என்ற ஆண்டைச் சும்மா கடந்துபோகவும் முடியாது. அப்போது தஞ்சாவூரில் விஜயராகவ நாயக்கர் ஆட்சி. பீஜப்பூர்ப் படைகள் அடுத்தடுத்துப் புகுந்து நாட்டைச் சூறையாடின, பஞ்சம் பிடித்தது. 1659க்கும் 1661க்கும் இடையில் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 8,000 முதல் 10,000 பேரை அடிமைகளாக வாங்கியது. அவர்களில் பெரும்பகுதியைக் கப்பலேற்றியது இலங்கைக்கு. ஒரே சீமை, ஒரே கடல்வழி, ஒரே ஆண்டு. ஒருவர் மருந்துப் பெட்டியோடு தேசாதிபதி மாளிகைக்குப் போகிறார், ஆயிரக்கணக்கானோர் கப்பலின் அடித்தட்டில் போகிறார்கள். வைத்தியரின் பெயரை உச்சரிப்புப் பிசகாமல் கேட்டு எழுத ஒரு எழுதுவினைஞர் மெனக்கெட்டார். மற்றவர்களுக்கு யாரும் மெனக்கெடவில்லை. அடிமைக்குப் பெயர் வைப்பவர் எசமான். கம்பனியின் இன்னொரு குடியேற்றமான தென்னாபிரிக்கக் கேப் பகுதியில் அடிமைகளை 'மலபார்க்காரன்', 'வங்காளத்தான்' என்று கரையின் பெயராலும், செப்டம்பர், பெப்ரவரி என்று மாதத்தின் பெயராலும் எழுதிவைத்தார்கள். அந்த மாதப் பெயர்கள் அங்கே இன்றும் குடும்பப் பெயர்களாக இருக்கின்றன. ஒண்டாச்சி என்ற பெயர் பிழைத்ததில் அதிர்ஷ்டம் மட்டும் இல்லை, எந்தத் தட்டில் கப்பலேறினார் என்பதும் இருக்கிறது.

பெயர் பரம்பரையாக நின்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே வைத்தியர் தஞ்சாவூரிலேயே இருந்திருந்தால் அவருடைய பெயர் மகனுக்கு முதலெழுத்தாகி, பேரன் காலத்தில் அதுவும் போயிருக்கும். தமிழருக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. கொழும்பிலோ தோம்பு இருந்தது. போர்த்துக்கேயர் தொடக்கி, ஒல்லாந்தர் ஊர் ஊராகப் பெருக்கிய பதிவேடு அது. காணிக்கு ஒரு தோம்பு, தலைக்கு ஒரு தோம்பு, பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம் எழுதப் பள்ளித் தோம்பு. காணி உரிமை, சொத்துப் பங்கு, பள்ளிப் படிப்பு எல்லாம் அந்த ஏட்டில் தொங்கியதால், ஒருமுறை எழுதிய பெயரை மாற்றுவது எளிதல்ல, விடுவது நட்டம். நொத்தாரிசு (பத்திரம் எழுதுபவர்), கந்தோர் (அலுவலகம்) என்று நாங்கள் இன்றும் பேசும் சொற்கள் அந்தக் காலத்து மிச்சம். கக்கூசும் அதே கப்பலில் வந்ததுதான், அதைத் தமிழ்நாடும் பங்கு போட்டுக்கொண்டது.

இந்தக் குடும்பம் கொழும்புச் செட்டிகள் என்ற சிறு சமூகத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டு வாசகர்கள் இதை நாட்டுக்கோட்டைச் செட்டியாரோடு குழப்பிக்கொள்வதுண்டு. நாட்டுக்கோட்டையார் பிரித்தானியர் காலத்தில் வட்டிக்கடைக்கு வந்து போனவர்கள். கொழும்புச் செட்டிகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் தமிழகக் கரையிலிருந்து வந்து தங்கியவர்கள். பெரும்பாலும் கிறிஸ்தவர்களானவர்கள். செட்டியார் தெரு, ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் அவர்கள் பழைய இருப்பிடம். 2012 குடிசன மதிப்பீட்டிலும் 'இலங்கைச் செட்டி' என்று இவர்களுக்குத் தனி வரி இருக்கிறது. இவர்களுக்குள் பெயர்கள் மூன்று விதமாகப் போயின. பெருமாள், கந்தப்பா, காசிச்செட்டி என்று தமிழ்ப் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டவர்கள் ஒரு பக்கம். 1834இல் இலங்கை ஊர்ப்பெயர்க் களஞ்சியமும் 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறும் ஆங்கிலத்தில் எழுதிய சைமன் காசிச்செட்டி இவர்களில் ஒருவர். அல்லஸ், ரொட்ரிகோ, த மெல்லோ என்று போர்த்துக்கேயப் பெயரை எடுத்தவர்கள் இன்னொரு பக்கம். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டைத் தமிழாக்க உழைத்த பிலிப்பு த மெல்லோ குருவானவர் பெயரால் போர்த்துக்கேயர், புலமையால் முழுத் தமிழர். தமிழ்ப் பெயரே ஒல்லாந்து வேடம் போட்டுக்கொண்டது மூன்றாவது வகை. அதில் சட்டென்று நினைவுக்கு வருவது ஒண்டாச்சிதான்.

ஒல்லாந்தர் காலத்தில் இந்தக் குடும்பம் வைத்தியத்திலிருந்து மதகுருப் பணிக்கு நகர்ந்தது. வில்லெம் யூரியான் ஒண்டாச்சி ஒல்லாந்து போய்ப் படித்து, ஆம்ஸ்டர்டாம் பெண் ஹெர்மினா குவின்டை மணந்து, கொழும்புக்குக் குருவாகத் திரும்பினார். அவர்களுடைய மகன் பீட்டர் பிலிப் யூரியான் குவின்ட் ஒண்டாச்சி, பிறப்பு 1758, கொழும்பு. பாட்டன் பெயர், தாய் வீட்டுப் பெயர், தஞ்சாவூர்ப் பெயர் எல்லாம் வரிசையாகச் சுமந்தவர். சிறுவயதிலேயே ஒல்லாந்துக்கு அனுப்பப்பட்டு உத்ரெக்டில் படித்தார். படிக்கப் போன பையன் அங்கே அரசியலில் இறங்கினார்.

இவரைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதாதது எனக்குத் தீராத குறை. 1780களில் ஒல்லாந்தில் ஆட்சித் தலைவர் ஐந்தாம் வில்லியத்தின் அதிகாரத்துக்கு எதிராக 'தேசாபிமானிகள்' இயக்கம் எழுந்தபோது, உத்ரெக்ட் நகரில் அதன் முன்னணித் தலைவராக நின்றவர் இந்தக் கொழும்புக்காரர். பிரபுக்கள் தங்களுக்குள் ஆள் பொறுக்கும் நகரசபை வேண்டாம், குடிமக்கள் தெரிவுசெய்யும் சபை வேண்டும் என்றார்கள். ஆயுதம் தாங்கிய குடிமக்கள் படை அணிவகுத்தது. 1786 ஆகஸ்ட் 2ஆம் திகதி உத்ரெக்டின் நியூட சதுக்கத்தில் தெரிவான உறுப்பினர்கள் பதவிப்பிரமாணம் செய்தார்கள். பாரிசில் பாஸ்தீல் விழுவதற்கு மூன்று வருடம் முன்னால்! அடுத்த ஆண்டு பிரஷ்யப் படை வந்து எல்லாவற்றையும் கலைத்தது. குவின்ட் ஒண்டாச்சி பிரான்சுக்குத் தப்பி ஓடினார். 1795இல் காற்று மாறியதும் திரும்பினார், புதிய குடியரசில் பதவிகள் வகித்தார், கடைசியில் கிழக்கே அனுப்பப்பட்டு 1818இல் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இறந்தார். அவர் பிறந்த கொழும்பு 1796இலேயே பிரித்தானியர் கைக்குப் போயிருந்தது.

பிரித்தானியர் காலத்தில் குடும்பம் ஆங்கிலத்துக்கு மாறியது. குருமார், வைத்தியர், அரச உத்தியோகத்தர். டபிள்யூ. சி. ஒண்டாச்சி என்ற வைத்தியர் பேராதனைத் தாவரவியல் பூங்காவையும் சில காலம் பொறுப்பேற்று நடத்தினார். மூலிகைக் கை விட்டுப்போகவில்லை. கலப்பு மணங்கள் பெருகி, வீட்டில் ஆங்கிலம் வந்து, அக்கம்பக்கத்தார் பறங்கியர் என்று சொல்லத் தொடங்கியதும் அவர்களும் அப்படியே நினைத்துக்கொண்டார்கள். விதியை நூல் பிடித்துப் பார்த்தால் இடிக்கும். இலங்கையில் பறங்கியர் அடையாளம் தந்தைவழி ஐரோப்பிய மூதாதையை வைத்துத்தான் கணக்கிடப்பட்டது. ஒண்டாச்சிகளின் தந்தைவழி தஞ்சாவூருக்குப் போகிறது, தாய்வழிகள்தான் ஐரோப்பா. ஆனால் உச்சரிப்பு, உடுப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் பறங்கியரோடு ஒத்துப்போனபோது விதியை யார் பார்த்தது? உங்கள் நண்பர் தன்னைப் பறங்கியர் என்பதை நான் பிழை பிடிக்க மாட்டேன். அது அவருடைய பாட்டன், பாட்டி வாழ்ந்த வாழ்க்கை.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, ஏன் இவ்வளவு அரிது. பெரேரா, சில்வா, பெர்னாண்டோ ஏன் இலட்சக்கணக்கில் இருக்கின்றன என்று யோசியுங்கள். அவை ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை அல்ல. ஞானஸ்நானத் தொட்டியில் வந்தவை. முத்துக்குளித்துறையில் 1530களில் பரதவர் ஊர் ஊராகக் கிறிஸ்தவரானபோதும், பிறகு இலங்கைக் கரையில் அதுவே நடந்தபோதும், ஒரு கைப்பிடிப் பெயர்கள் ஆயிரக்கணக்கானோருக்குப் பகிரப்பட்டன. இரண்டு பெர்னாண்டோக்கள் சந்தித்தால் அவர்கள் உறவாக இருக்க ஒரு நியாயமும் இல்லை. ஒண்டாச்சி அப்படிப் பகிரப்பட்ட பெயர் இல்லை. ஒரு வைத்தியர், ஒரு எழுதுவினைஞர், ஒரு எழுத்துக்கூட்டல். அந்த எழுத்துக்கூட்டல் உலகில் எங்கே இருந்தாலும் வேர் அந்த ஒரு வீடு. ஆண் வாரிசு வழியே மட்டும் பெயர் போவதால், பெண்பிள்ளைகள் கூடிய தலைமுறை ஒவ்வொன்றிலும் கிளைகள் வேறு பெயருக்குள் மறைந்தன. தொழில் பெயராகவோ ஊர்ப் பெயராகவோ இருந்திருந்தால் புதிதாக யாராவது வைத்துக்கொண்டிருப்பார்கள். அதற்கும் வழியில்லை.

இருந்த கொஞ்சப் பேரும் சிதறினார்கள். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்ததும் ஆங்கிலம் பேசிய குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக அவுஸ்திரேலியா, கனடா, இங்கிலாந்து என்று கிளம்பின. கிறிஸ்தோபர் ஒண்டாச்சி 1956இல் கனடா போய் நிதித்துறையில் பெரும் பணம் சேர்த்தார். 1964 குளிர்கால ஒலிம்பிக்கில் கனடாவுக்காகப் பனிச்சறுக்கு வண்டியும் ஓட்டினார். தஞ்சாவூர் வைத்தியர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார். இலண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் 2000இல் திறந்த புதுப் பகுதிக்கு அவர் பெயர்தான். தம்பி மைக்கேல் 1943இல் கொழும்பில் பிறந்து, பதினொரு வயதில் இங்கிலாந்து போய், 1962இல் கனடா சேர்ந்தவர். 1992இல் 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' நாவலுக்காகப் புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2018இல் அதே நாவலுக்குப் பொன்விழாப் புக்கரும் கிடைத்தது. நீங்கள் சொல்லும் "அந்த எழுத்தாளர்" இவர்தான். பெயரைச் சுமப்பவர்கள் இவ்வளவு குறைவாக இருக்க, பெயர் இவ்வளவு பேருக்குத் தெரிந்திருப்பதும் இந்த அண்ணன் தம்பியால்தான்.

உங்கள் நண்பரிடம் பேசும்போது "உங்கள் பெயர் தமிழ்" என்று வெற்றி கொண்டாடப் போகாதீர்கள். பெயரை 'ஒண்டாச்சி' என்று சரியாக உச்சரித்துக் கூப்பிட்டுப் பாருங்கள். பிறகு வீட்டில் யாராவது போஞ்சிக்கறி வைப்பார்களா என்று கேளுங்கள்.